கிட்டார் செய்த தச்சர் அந்தோனியோ டோரஸ்

கிட்டாரின் ஒலியைக் கேட்டு மகிழாதவர் நம்மில் யார்? பள்ளி விழா மேடையிலும், ஆலயப் பாடகர் குழுவிலும் அது இன்று நமக்கு நன்கு பழகிய இசைக்கருவி. ஆனால் நைலான் தந்தி பூட்டிய செவ்வியல் கிட்டாருக்கு இன்றைய உருவத்தையும் குரலையும் தந்தவர் யார் என்று கேட்டால், விடை சொல்வோர் சிலரே. அவர் அரசவைக் கலைஞர் அல்லர். கல்லூரியில் பயின்ற அறிஞரும் அல்லர். ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில் பிறந்த ஓர் ஏழைத் தச்சர். அவரே அந்தோனியோ டி டோரஸ்.

அல்மேரியா நகரை அடுத்த லா கன்யாதா என்னும் சிற்றூரில், 1817ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் டோரஸ் பிறந்தார். அன்று பதுவை நகர்ப் புனித அந்தோனியாரின் திருநாள். அப்புனிதரின் பெயரே குழந்தைக்கும் வாய்த்தது. தந்தை ஜுவான் டோரஸ் வரி தண்டும் பணியில் இருந்தவர். தாயார் மரியா ஜுராதோ. பன்னிரண்டு வயதிலேயே சிறுவன் அந்தோனியோ தச்சுப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். உளியும் இழைப்புளியும் அவனுக்குத் தோழர்களாயின.

1833இல் ஸ்பெயினில் அரியணைக்கான உள்நாட்டுப் போர் மூண்டது. இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தனர். டோரசும் அழைக்கப்பட்டார், உடல் தகுதியில்லை என்று விடுவிக்கப்பட்டார். மீண்டும் அழைப்பு வருமோ என்று அஞ்சிய குடும்பத்தார், 1835இல் அவருக்கு அவசரமாகத் திருமணம் செய்து வைத்தனர். மூன்று குழந்தைகள் பிறந்தன. அவர்களுள் இருவர் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். 1845இல் மனைவி ஜுவானா மரியாவும் காசநோய்க்குப் பலியானார். அவருக்கு வயது 23தான். முப்பது வயது நிரம்புமுன் இத்தனை சாவுகளைக் கண்ட டோரசுக்குக் கடன் சுமையும் சேர்ந்து கொண்டது.

பிழைப்புத் தேடிய அவர் செவில் நகரில் குடியேறினார். அங்கே சிறு பட்டறை ஒன்றில் கிட்டார் செய்யலானார். தொடக்கத்தில் அது பல வேலைகளுள் ஒன்றாகவே இருந்தது. அப்போது புகழ் பெற்று விளங்கிய கிட்டார் கலைஞர் ஜூலியன் ஆர்க்காஸ் டோரசின் கைத்திறனைக் கண்டார். இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளுமாறு அவரை ஊக்கினார். தக்க காலத்தில் கிடைத்த அந்த ஊக்கம் ஒரு தச்சரின் வாழ்வையே திருப்பிவிட்டது.

அந்நாளைய கிட்டார் உருவில் சிறியது. அதன் ஒலியும் மெல்லியது. ஒரு சிற்றறைக்குள் கேட்கும். பெரிய மண்டபத்தில் கேட்காது. இக்குறையை எப்படிப் போக்குவது? டோரஸ் சிந்தித்தார். கிட்டாரின் முதுகும் பக்கங்களும் விலையுயர்ந்த மரத்தால் அமைந்தால் ஒலி சிறக்கும் என்று பலர் நம்பியிருந்தனர். டோரசோ, ஒலியின் பிறப்பிடம் மேற்பலகையே என்று உணர்ந்தார். தந்தி அதிரும்போது அந்த அதிர்வைத் தாங்கிப் பரப்புவது அப்பலகைதான். ஆகவே அது இலேசாக இருக்கவேண்டும். ஆனால் இலேசான பலகை தந்திகளின் இழுப்பைத் தாங்காமல் வளைந்து உடைந்துவிடுமே!

இதற்கு அவர் கண்ட விடை எளிமையும் அழகும் வாய்ந்தது. கருவியின் உடலைப் பெரிதாக்கினார். மேற்பலகையை மெல்லியதாக இழைத்து, சற்றே குவிந்த வடிவம் தந்தார். அதன் உட்புறத்தில் மெல்லிய மரக்குச்சிகளை விசிறி விரித்தாற்போல் ஒட்டினார். பெரும்பாலும் ஏழு குச்சிகள். அவை பலகைக்கு வலிமை தந்தன. ஆனால் அதன் அதிர்வை அடக்கவில்லை. இம்முறையை முதலில் கண்டவர் டோரஸ் அல்லர். அவருக்கு முன்னரே சிலர் இதைக் கையாண்டிருந்தனர். ஆயினும் அதைச் செம்மைப்படுத்தி, ஒழுங்கான அளவுகளுக்குள் கொண்டுவந்த பெருமை அவருக்கே உரியது. தந்தி அதிரும் நீளத்தை ஏறத்தாழ 650 மில்லிமீட்டராக அவர் கொண்டார். இன்றும் உலகெங்கும் செவ்வியல் கிட்டார் செய்வோர் பெரும்பாலும் கைக்கொள்ளும் அளவு அதுவே.

1858இல் செவில் நகரில் நடந்த கண்காட்சியில் அவருக்குப் பதக்கம் கிடைத்தது. ஆனால் அதனினும் பெரிய சான்று 1862இல் அவர் செய்த ஒரு விந்தையான கிட்டார். அதன் மேற்பலகை மட்டும் நல்ல மரம். முதுகும் பக்கங்களும் வெறும் காகிதக் கூழ் அட்டை! ஒலிக்கு மேற்பலகையே முதன்மை என்னும் தம் கருத்தை மெய்ப்பிக்கவே அவர் அதைச் செய்தார். அக்கருவி பார்சிலோனா நகர இசை அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ளது.

1869இல் பிரான்சிஸ்கோ தார்ரெகா என்னும் இளைஞர் டோரசின் பட்டறைக்கு வந்தார். வயது பதினேழு இருக்கும். அந்த இளைஞருக்கு இது போதும் என்று எண்ணி, டோரஸ் எளிய கிட்டார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தார்ரெகா வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த டோரஸ் அந்தக் கிட்டாரைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு உள்ளே சென்றார். 1864இல் தமக்கென்றே செய்து வைத்திருந்த சிறந்த கிட்டாரைக் கொண்டுவந்து இளைஞரிடம் அளித்தார். தார்ரெகா பிற்காலத்தில் கிட்டார் இசையின் பேராசானாக விளங்கியபோது, அவர் கையில் ஒலித்தது அந்தக் கருவிதான்.

இவ்வளவு திறமை இருந்தும் செல்வம் அவரைத் தேடி வரவில்லை. 1868இல் ஜோசெபா என்னும் பெண்மணியை மறுமணம் செய்துகொண்ட டோரஸ், 1870ஆம் ஆண்டையொட்டிச் செவில் பட்டறையை மூடிவிட்டு அல்மேரியாவுக்கே திரும்பினார். அங்கே கணவனும் மனைவியும் பீங்கான், கண்ணாடிப் பாத்திரக் கடை வைத்தனர். ஸ்பெயினின் தலைசிறந்த கிட்டார்க் கைவினைஞர் தட்டும் கோப்பையும் விற்றுக்கொண்டிருந்தார்! ஆனால் கை சும்மா இருக்குமா? ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பின், கடை வேலை ஓய்ந்த நேரங்களில் மீண்டும் கிட்டார் செய்யத் தொடங்கினார். அவற்றின் உள்ளே ஒட்டிய சீட்டுகளில், இது தம் இரண்டாம் காலம் என்று பொறித்து வரிசை எண்ணும் இட்டார். 1883இல் இரண்டாம் மனைவியும் இறந்தார். அதன்பின் பட்டறையே அவருக்கு ஆறுதல் ஆயிற்று.

அக்காலத்தில் அவருக்கு உற்ற நண்பராக விளங்கியவர் ஜுவான் மார்த்தினெஸ் சிர்வென்ட் என்னும் இளம் குருவானவர். முதுமையால் டோரசின் கைகள் நடுங்கியபோது, நுண்ணிய வேலைகளில் அவருக்குத் துணை நின்றவர் இவரே. டோரசைப் பற்றிய பல செய்திகள், பல்லாண்டுகளுக்குப் பின் 1931இல் இக்குருவானவர் எழுதிய கடிதத்தால் நமக்குத் தெரியவந்தன. மேற்பலகையை ஒட்டும் வேளையில் டோரஸ் கதவைத் தாழிட்டுக்கொள்வாராம். நெருங்கிய நண்பரையும் உள்ளே விடமாட்டாராம்.

ஒருநாள் விருந்தின்போது, இந்த இரகசியத்தைக் கல்லறைக்குக் கொண்டு போகாமல் உலகுக்கு விட்டுச்செல்லுமாறு குருவானவர் அவரை வேண்டினார். அது தம்மால் இயலாத செயல் என்று டோரஸ் வருத்தத்துடன் கூறினார். தம் இரகசியம் பெட்டியில் பூட்டி வைத்த பொருளன்று என்றும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பலகையைத் தடவும்போது, அதன் கனம் போதும் என்று உள்ளத்துக்குச் சொல்லும் உணர்வே அது என்றும் விளக்கினார்.

1892ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், தம் 75ஆம் வயதில் டோரஸ் இறைவனடி சேர்ந்தார். அவரோடு அவர் கலையும் மறைந்ததா? இல்லை. அவர் செய்த கருவிகளே ஆசிரியர்களாக நின்றன. மரம் காலப்போக்கில் உலரும், பலகையில் கீறல் விழும், ஒட்டு விடும். அப்போது பழைய கிட்டார் பழுது பார்ப்பவரின் சிறு பட்டறைக்கு வரும். அக்காலக் கருவிகள் நம் தச்சர்களும் அறிந்த வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அப்பசை இளகும். எனவே மரத்தைச் சிதைக்காமல் ஒட்டைப் பிரிக்கலாம், கீறலுக்கு உட்புறம் சிறு மரத்துண்டு வைத்து இறுக்கலாம், மீண்டும் ஒட்டலாம். இயன்றவரை பழைய மரத்தை மாற்றாமல் காப்பதே நல்ல பழுது பார்ப்பவரின் நெறி. இப்படித் திறந்து பார்த்தவர்களுக்கும், விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு உள்ளே நோக்கியவர்களுக்கும் அந்த ஏழு குச்சிகள் பாடம் சொல்லின.

ஜெர்மனியில் மியூனிக் நகரக் கைவினைஞர் ஹெர்மன் ஹௌசர் அப்பாடத்தைக் கற்றவர்களுள் ஒருவர். அவர் 1937இல் செய்த கிட்டாரைப் புகழ்பெற்ற ஆந்த்ரே செகோவியா பல ஆண்டுகள் உலக மேடைகளில் வாசித்தார். கிட்டார்க் கைவினைஞரான ஹோசே ரொமனில்லோஸ் டோரசின் கருவிகளைத் தேடிச் சென்று அளந்து ஆராய்ந்து, 1987இல் அவருடைய வரலாற்றை நூலாக்கினார்.

அன்பு மாணவிகளே, ஒரு கருவியின் அளவுகளைக் காகிதத்தில் எழுதிவிடலாம். குச்சிகளை எண்ணிவிடலாம். ஆனால் இரண்டு விரல்களின் அறிவை எவரும் எவருக்கும் எழுதித் தர இயலாது. டோரசின் வழியில் வந்த ஒவ்வொருவரும் ஆயிரம் முறை மரத்தைத் தொட்டுத் தொட்டே அதைப் பெற்றனர். தையலோ, வீணையோ, ஓவியமோ, கணக்கோ, நாம் கற்கும் எதுவும் அப்படித்தான். ஆசிரியர் வழி காட்டுவார். கைப்பழக்கத்தை நாமே ஈட்டவேண்டும். துயரமும் வறுமையும் சூழ்ந்த வாழ்விலும், எவர் கண்ணுக்கும் படாத உட்புறத்தில் தம் சிறந்த உழைப்பை வைத்தார் அத்தச்சர். அந்த உழைப்பு அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.