கண் மங்கியும் காசு மறக்காதவர்

ஏற்காடு மலையிலே ஒரு சின்னப் பிராணி உண்டு. பார்த்தால் அணில் போல இருக்கும். ஆனால் அணில் அல்ல! மூங்கில் அணத்தான் என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். விஞ்ஞானிகள் அதை "அனத்தானா எலியோட்டி" என்கிறார்கள். முன்பாதி தமிழ்ச் சொல். பின்பாதி ஒரு வெள்ளைக்காரரின் பெயர்.

அவர்தான் சர் வால்டர் எலியட். பிராணிகளை ஆராய்ந்த அவருக்கு இன்னொரு பித்தும் உண்டு. அது பழங்காசுப் பித்து!

சிறைப்பட்டார்

எலியட் 1803-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவில் பிறந்தார். 18 வயதில் கும்பினி உத்தியோகம் பெற்றுச் சென்னைக்கு வந்தார்.

1824-ல் கித்தூர் ராணி சென்னம்மா கும்பினியை எதிர்த்துப் போர்க்கொடி தூக்கினார். கலெக்டர் தாக்கரே சண்டையில் மாண்டார். அவருடைய உதவியாளரான எலியட் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 21. பல வாரங்கள் காவலில் இருந்தார். உயிருடன் விடுதலையானார்.

ஊருக்கு ஓடிப்போய்விட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இந்த நாட்டின் பழைய கதையைத் தெரிந்துகொள்வதில் இறங்கினார். ஐந்நூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளுக்குப் பிரதி எடுக்கச் செய்தார். காசுகளையும் திரட்டினார்.

உருக்குக்குத் தப்பிய காசு

அந்த நாளில் உழும்போது கிடைத்த செப்புக் காசுக்கு என்ன மதிப்பு? எடைக்கு எடை செம்பு விலைதான்! கன்னார் உலைக்குப் போனால் குடமாகவோ செம்பாகவோ மாறிவிடும். அதோடு ஒரு ராஜாவின் சரித்திரமும் கரைந்துவிடும். எலியட் போன்றவர்கள் காப்பாற்றியது அதைத்தான்.

எழுத்துத் தேய்ந்தாலும் சின்னம் பேசும். புலி இருந்தால் சோழர். மீன் இருந்தால் பாண்டியர். வில் இருந்தால் சேரர். பிறகு எடையும் பருமனும் துப்புச் சொல்லும்.

கும்பினிக் காசையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். நம் பழங்காசுகள் சம்மட்டியால் அடித்தவை. வட்டம் கோணலாக இருக்கும். முத்திரை ஒரு பக்கம் ஒதுங்கி விழுந்திருக்கும். 1808-ம் ஆண்டு போட்ட சென்னை 20 காசு அப்படி அல்ல. அது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் மாத்யூ போல்டன் என்பவரின் ஆலையில் நீராவி இயந்திரம் அடித்தது. வட்டம் ஒழுங்காக இருக்கும். ஒரு பக்கம் கும்பினிச் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் பார்சி எழுத்து. தேய்ந்த காசை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மறைந்த கோடுகள் நிழல் கட்டித் தெரியும்.

புளி போட்டுத் தேய்க்கலாமா? கூடவே கூடாது! பளபளப்பு வரும், மிச்சமிருந்த எழுத்து போகும். எழுத்தோடு மதிப்பும் போகும்.

ஒரு குறை

எலியட் 1845-ல் அமராவதியில் தோண்டி, அழகிய பௌத்தச் சிற்பங்களை வெளியே கொண்டுவந்தார். அவை சென்னைக்கு வந்தன. பிறகு லண்டனுக்குக் கப்பலேறின. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அழிவிலிருந்து தப்பின, ஆனால் பிறந்த மண்ணை இழந்தன.

கடைசி நாள்

எலியட் சென்னைக் கவர்னரின் ஆலோசனைச் சபை அங்கத்தினராக உயர்ந்தார். 1860-ல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்தார். முதுமையில் பார்வை மங்கிவிட்டது. வேறொருவராக இருந்தால் காசுப் பெட்டியை மூடி வைத்திருப்பார். எலியட் மூடவில்லை. தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் அந்தக் கடைசி ஆண்டுகளில்தான் வெளிவந்தது. சேர சோழ பாண்டியர் காசுகளை ஆராய்ந்தவர்கள் வெகு காலம் அந்த நூலைத் துணையாகக் கொண்டார்கள்.

1887 மார்ச் 1-ந் தேதி. அவருக்கு வயது 84. ஜி.யு. போப் ஐயர் திருக்குறளை இங்கிலீஷில் வெளியிட்டிருந்தார். அதைப் பற்றிய மதிப்புரையை முதல் நாள் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார் எலியட். அன்று போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்தார். பழந்தமிழ் நூல்கள் வேறு எதுவும் வெளிவரப் போகிறதா என்று அதில் விசாரித்தார். தம் கையாலேயே கையெழுத்தும் போட்டார்.

அன்று மாலையே அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது.