சாம்பலுக்கும் டிக்கெட் விற்றவர்

1907-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரத்துக் கடற்கரையில் பெரும் தீ பிடித்தது. பத்து ஆண்டுகளாக லட்சக்கணக்கான மக்கள் ஆடிப்பாடிச் சிரித்த ஒரு கேளிக்கைப் பூங்கா, சாம்பல் மேடாகிவிட்டது.

மறுநாள் காலை. புகை இன்னும் அடங்கவில்லை. அதற்குள் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை தொங்கியது. இதே இடத்தில் இதைவிடப் பெரிய பூங்கா எழும்பும் என்று அது கூறியது. எரிந்த இடத்தைப் பார்க்கக் கட்டணம் 10 சென்ட் என்றும் அறிவிக்கப்பட்டது!

ஜனங்கள் காசு கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

பலகையை மாட்டியவர் பெயர் ஜார்ஜ் டில்யூ. வெந்து போனது அவருடைய சொந்தப் பூங்கா. அதற்கு இன்ஷூரன்சும் கிடையாது.

மண்ணும் கடல் தண்ணீரும்

டில்யூ 1862-ல் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது, குடும்பம் கோனி ஐலண்ட் என்ற கடற்கரைக்குக் குடியேறியது. தந்தை அங்கே விடுதி நடத்தினார்.

1876-ல் பிலடெல்பியா நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் கோனி ஐலண்டுக்கும் வந்தார்கள். கடலையே கண்டிராத உள்நாட்டு மக்கள் அவர்களில் பலர். 14 வயதுச் சிறுவன் டில்யூ யோசித்தான். கடற்கரை மணலைச் சுருட்டுப் பெட்டியில் போட்டான். கடல் தண்ணீரைப் புட்டியில் பிடித்தான். ஒவ்வொன்றும் 25 சென்ட். இரண்டும் விற்றுப்போயின! சேர்ந்த பணத்தில் பிலடெல்பியாவுக்குப் போய், அவனும் பொருட்காட்சி பார்த்தான்.

வாலிபனான பிறகு ஒரு சோதனை வந்தது. அந்த வட்டாரத்தை மக்கேன் என்ற அரசியல்வாதி ஆட்டிப் படைத்து வந்தார். 1887-ல் நடந்த விசாரணையில் டில்யூ குடும்பத்தினர் அவருக்கு எதிராகத் துணிந்து சாட்சி சொன்னார்கள். அதன் பலனாகக் குடும்பத்தின் தொழில் நசிந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1894-ல், மக்கேன் சிறைக்குப் போனார். அதன் பிறகே டில்யூவுக்கு வழி பிறந்தது.

தேனிலவில் கண்ட ராட்டினம்

1893-ல் டில்யூவுக்குத் திருமணம். தேனிலவுக்குச் சிகாகோ பொருட்காட்சிக்குப் போனார்கள். அங்கே 250 அடி விட்டமுள்ள ராட்சத ராட்டினம் சுழன்றுகொண்டிருந்தது. அதை விலைக்குக் கேட்டார். கிடைக்கவில்லை. 125 அடி விட்டத்தில் வேறொன்று செய்யச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியதும் காலி மனையில் ஒரு பலகை நட்டார். உலகத்திலேயே பெரிய ராட்டினம் இங்கே வரப்போகிறது என்று அறிவித்தார். உண்மையில் அது சிகாகோ ராட்டினத்தில் பாதிதான்! அவர் பலகைகள் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. ஆனால் கடைக்காரர்கள் நம்பினார்கள். ராட்டினம் வருமுன்பே சுற்றிலும் கடை போட இடம் கேட்டு வந்தார்கள்.

1895-ல் பாய்ட்டன் என்ற நீச்சல் வீரர் அதே கடற்கரையில் சுற்றுவேலி போட்டு, நுழைவுக் கட்டணத்துடன் ஒரு பூங்கா திறந்தார். டில்யூ அதைப் பார்த்தார். 1897-ல் ஸ்டீபிள்சேஸ் என்ற தமது பூங்காவைத் திறந்தார். மரக் குதிரைகள் மேட்டிலிருந்து தண்டவாளத்தில் தாமாகவே ஓடி வரும். அதுதான் அங்கே முக்கிய விளையாட்டு.

உதவிக்கு வந்தவர்களே போட்டி

சந்திர மண்டலத்துக்குப் போவதுபோல மாயம் காட்டும் ஒரு காட்சி, 1901-ல் பபலோ நகரில் பேர் வாங்கியது. அதை நடத்தியவர்கள் தாம்சன், டண்டி என்ற இருவர். அவர்களை டில்யூ தம் பூங்காவுக்கு அழைத்து வந்தார். 1902 கோடையில் விடாத மழை. கூட்டம் குறைந்தது. அடுத்த ஆண்டுக்கு அவர்களுடைய பங்கைக் குறைத்துப் பேசினார். இருவரும் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். சும்மா போகவில்லை, பாய்ட்டனின் பூங்காவை வாங்கிக்கொண்டார்கள். 1903 மே மாதம் இரண்டரை லட்சம் மின்விளக்குகளுடன் அங்கே "லூனா பார்க்" பிறந்தது!

சில்லறையில் கெட்டிக்காரரான டில்யூ அன்று செய்த பெரிய பிழை இது என்றே சொல்ல வேண்டும்.

1904-ல் மூன்றாவது பூங்காவும் வந்தது. பெயர் டிரீம்லேண்ட். லூனாவை மிஞ்ச வேண்டும் என்பதே அதன் நோக்கம். 375 அடிக் கோபுரம். பார்த்த இடமெல்லாம் வெள்ளை. லூனாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆண்டுதோறும் புதுக் கோபுரம், புதுக் காட்சி என்று பணத்தைக் கொட்டினார்கள்.

டில்யூவும் ஆண்டுதோறும் பணம் போட்டார். ஆனால் கோபுரத்தில் போடவில்லை. சுழலும் பெரிய பீப்பாய். அதற்குள் நடப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உருளுவார்கள். சுற்றும் வட்டத் தரை. உட்கார்ந்தவர்களை வழுக்கித் தள்ளும். குதிரையிலிருந்து இறங்கியவர்கள் ஒரு மேடையைக் கடந்தாக வேண்டும். அடியிலிருந்து காற்று சீறும். தொப்பி பறக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவர்கள் யார்? சற்று முன் அதே மேடையில் தொப்பி பறிகொடுத்தவர்கள்தான்!

காசு கொடுத்து வந்தவர்களே நடிகர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மற்ற இரு பூங்காக்களும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தன.

இரும்பும் கண்ணாடியும்

இந்த நிலையில்தான் 1907-ல் தீ வந்தது. டில்யூ அடுத்த ஆண்டே மீண்டும் பூங்காவைத் திறந்தார். இந்தத் தடவை மரத்தை நம்பவில்லை. இரும்பாலும் கண்ணாடியாலும் ஐந்து ஏக்கர் பரப்புக்கு ஒரே மண்டபம் எழுப்பினார். விளையாட்டுகள் அதற்குள் வந்தன. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே ராட்டினம் சுற்றும். 1902-ம் ஆண்டு மழையை அவர் மறக்கவில்லை.

டிரீம்லேண்டில் தீயணைக்கும் காட்சி ஒன்றைத் தினமும் நடத்தி மக்களை மகிழ்வித்து வந்தார்கள். மரமும் சாந்தும் கொண்டு கட்டிய அந்தப் பூங்கா 1911 மே மாதத்தில் நிஜத் தீயில் அழிந்தது. திரும்ப எழவே இல்லை. லூனாவில் டண்டி 1907-ல் இறந்தார். தனித்து நின்ற தாம்சன் 1912-ல் கடனில் மூழ்கிப் பூங்காவை இழந்தார். லூனா வேறு கைகளுக்கு மாறி, 1944-ல் தீக்கு இரையானது.

டில்யூ 1914 நவம்பரில், 52-வது வயதில் காலமானார். பூங்காவைப் பிள்ளைகள் நடத்தினார்கள். 1939-ல் நியூயார்க்கில் உலகப் பொருட்காட்சி தொடங்கியது. அது முடிந்ததும், அங்கிருந்த பாராசூட் கோபுரத்தை விலைக்கு வாங்கி, 1941-ல் தங்கள் பூங்காவில் நிறுத்தினார்கள். பொருட்காட்சியில் கண்டதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது அந்தக் குடும்பத்துப் பழக்கம் அல்லவா?

1964-ல் ஸ்டீபிள்சேஸ் மூடப்பட்டது. கண்ணாடி மண்டபத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள். மரக் குதிரைகளும் போய்விட்டன. சுமார் 250 அடி உயரமுள்ள அந்தப் பாராசூட் கோபுரம் மட்டும் இன்றும் கோனி ஐலண்ட் கடற்கரையில் நிற்கிறது.