சக்கரம் எழுதிய சரித்திரம்

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் துவிச்சக்கர வண்டிப் பந்தயம் கண்டு களித்த முதியோர் இன்றும் நம்மிடையே உளர். வயலுக்கும் சந்தைக்கும் சென்று வந்த வண்டியே பந்தய நாளில் குதிரையாக மாறும். அந்த ஓட்டங்களில் வென்றவர் யார், விழுந்தெழுந்து மீண்டும் மிதித்தவர் யார் என்னும் செய்திகளுள் ஏட்டில் ஏறியவை சில. நாவிலேயே நிற்பவை பல. நாவில் மட்டும் வாழும் புகழுக்கு ஆயுள் எவ்வளவு? உலகை வென்று, பின்னர் உலகத்தால் மறக்கப்பட்ட ஓர் ஓட்ட வீரரின் வாழ்வு இதற்கு விடை தரும். அவர்தாம் அமெரிக்கரான மேஜர் டெய்லர்.

மார்ஷல் வால்டர் டெய்லர் 1878 நவம்பர் 26 ஆம் நாள் இந்தியானாபொலிஸ் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் செல்வர் ஒருவரின் வீட்டில் குதிரை வண்டி ஓட்டியவர். அவ்வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுத் தோழனாக வளர்ந்த சிறுவனுக்கு அவ்வீட்டாரே ஒரு சைக்கிளை வழங்கினர். பின்னர் ஒரு சைக்கிள் கடையின் வாசலில் படைவீரர் உடையணிந்து அவன் வித்தை காட்டினான். அவ்வுடையே அவனுக்கு ‘மேஜர்’ என்ற பெயரைத் தந்தது.

மோட்டார் வண்டி வீதியை ஆளாத காலம் அது. 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரை ஆக்கியபின் சைக்கிளின் வேகம் பெருகிற்று. பந்தயத் திடல்களில் மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடினர். ஆயினும் திடலின் கதவு எல்லோர்க்கும் ஒன்றுபோல் திறக்கவில்லை. அமெரிக்கச் சைக்கிளோட்டிகளின் சங்கம் 1894 இல் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என விதி செய்தது. முன்னாள் ஓட்ட வீரரான லூயி மங்கர் என்னும் வெள்ளையரே டெய்லரின் திறமையை உணர்ந்து, 1895 இல் அவரை வூஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார்.

1896 டிசம்பரில் நியூயோர்க்கில் நடந்த ஆறு நாள் ஓட்டத்தில், பதினெட்டே வயதான டெய்லர் 1,732 மைல் ஓடி எட்டாம் இடத்தைப் பெற்றார். எனினும் அவர் பெரும் புகழ் ஈட்டியது குறுந்தூர ஓட்டங்களிலேயே. இவ்வகைப் போட்டியில் கால்வலி மட்டும் போதாது. முன்செல்பவர் காற்றைக் கிழித்துக் களைப்பர். பின்தொடர்பவர் அவர் நிழலில் வலுவைச் சேமிப்பர். எல்லை அண்மிய வேளையில் பாய்பவரே வெல்வர். எதிரிகள் பலர் தமக்குள் கூடி, டெய்லரின் முன்னும் பக்கமும் வண்டிகளை நிறுத்தி வழியடைத்தனர். அவரோ சிறு இடைவெளி தோன்றினும் அம்பெனப் புகுந்து வெளியேறக் கற்றார். 1897 இல் டோன்டன் நகரில், ஓட்டம் முடிந்தபின் எதிராளி ஒருவர் அவரைத் தள்ளி வீழ்த்திக் கழுத்தை நெரித்தார். டெய்லர் நினைவிழந்து கிடந்தார். காவலர் தலையிட வேண்டியதாயிற்று.

அடுத்த ஈராண்டுகளுள் உலகச் சாதனைகள் பல அவர் வசமாயின. 1899 இல் மொன்றியல் நகரில் ஒரு மைல் ஓட்டத்தில் உலக சம்பியன் பட்டம் வென்றார். 1901 இல் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, ஞாயிறு வழிபாட்டுக்குரிய நாளாதலின் அன்று ஓட மறுத்தார். ஏற்பாட்டாளர் பந்தய நாட்களை அவருக்காக மாற்றினர். அவ்வாண்டு மே 16 இல் பாரிசின் குளிரில் பிரெஞ்சு வீரர் ஜாக்லினிடம் தோற்றார்; பதினொரு நாட்களின் பின் அதே திடலில் அவரை வென்றார்.

1910 இல் டெய்லர் ஓட்டத்தை நிறுத்தினார். அதன்பின் வணிகம் நொடித்தது. உடலும் செல்வமும் தேய்ந்தன. தம் வாழ்வைத் தாமே நூலாக எழுதி, வீடு வீடாகச் சென்று விற்றார். 1932 யூன் 21 இல் சிக்காகோவின் பொது மருத்துவமனையொன்றில் காலமானார். ஏழைகளின் பகுதியில், அடையாளமற்ற குழியிற் புதைக்கப்பட்டார். 1948 இல்தான் முன்னாள் ஓட்ட வீரர்கள் ஒன்றுகூடி, சைக்கிள் உற்பத்தியாளர் ஷ்வின்னின் பொருளுதவியோடு, அவருடலை வேறிடத்தில் அடக்கி நினைவுப் பலகை பதித்தனர். பிறந்த நகரில் 1982 இல் ஒரு பந்தயத் திடல் அவர் பெயரைப் பெற்றது. 2008 இல் வூஸ்டரில் நினைவுச் சிலை எழுந்தது.

கல்லும் வெண்கலமும் பின்னர் வந்தவை. முதலில் நின்றது, வறுமையிலும் அவர் எழுதி வைத்த நூலே. பிற்கால ஆய்வாளர் அவர் வாழ்வுக்குள் நுழைய அதுவே வாயிலாயிற்று.

நம் கரைக்கும் இதிற் பாடமுண்டு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளை வாரிச் சென்றது. வீட்டோடு அழிந்தவற்றுள் படங்களும் பத்திரங்களும் அடங்கும். எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு. ஆசிரியர் ஒருவர் தூண்ட, மாணவர் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு அவர்களை அணுகினால், ஓடியவர் பெயரும் ஆண்டும் தூரமும் இன்னும் ஏட்டில் ஏறும். டெய்லரின் குழிக்கு அடையாளம் இட உலகம் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தது. நமது முதியோர் நமக்காக அத்தனை காலம் காத்திருக்க மாட்டார்கள்.