கை கழுவச் சொன்ன டாக்டரை வியன்னா ஏன் கைகழுவியது? இக்னாஸ் செம்மல்வைஸின் கதை

புவனகிரியிலோ சுற்றுப்பட்டு கிராமங்களிலோ பிரசவ வலி எடுத்து, கேஸ் கொஞ்சம் சிக்கல் என்று தெரிந்தால் 108 வண்டி பெரும்பாலும் போய் நிற்கிற இடம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இல்லாவிட்டால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. அங்கே லேபர் வார்டில் டாக்டரோ நர்ஸோ கர்ப்பிணியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவ வேண்டும். அப்புறம்தான் கிளவுஸ். வெளியே பதற்றத்தோடு காத்திருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இது கண்ணில்கூடப் படாது.

இந்தச் சின்ன வேலை எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பதை மாதவாரியாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹங்கேரிக்காரரான டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ். கொரோனா காலத்தில் உலகம் முழுக்க மறுபடி அடிபட்ட பெயர். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது நடந்தது வேறு.

மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை

1818 ஜூலை 1 அன்று புடா நகரத்தின் தபான் பகுதியில் பிறந்தார். இன்றைய புடாபெஸ்ட்டின் ஒரு பாதி அது. அப்பா மளிகை, மசாலா சரக்கு வியாபாரி. பத்துப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. 1837-ல் சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனவர், அடுத்த வருடமே மருத்துவத்துக்கு மாறிவிட்டார். 1844-ல் டாக்டர் பட்டம். அதே 1844-ல்தான் சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் தாய் சேய் நல மருத்துவமனையின் ஆரம்பம் அதுதான்.

செம்மல்வைஸுக்கு முதலில் பிரசவத் துறையில் பெரிய ஆசை இல்லை. விரும்பிய பொது மருத்துவத்தில் இடம் கிடைக்காததால் இதற்கு வந்தார். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில், பேராசிரியர் யோகான் கிளைனுக்கு உதவியாளர் ஆனார்.

பக்கத்து பக்கத்து வார்டு, நான்கு மடங்கு சாவு

அந்த மருத்துவமனையில் இரண்டு இலவசப் பிரசவப் பிரிவுகள். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி எடுத்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். எந்த நாளில் வருகிறவர் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது முறை வைத்து மாறும். அதாவது வரும் பெண்கள் ஒரே மாதிரியான ஏழைப் பெண்கள்தான். சாப்பாடு, கட்டில், காற்று எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று.

ஆனா 1846-ல் முதல் பிரிவில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் இறந்தார்கள். நூற்றுக்கு 11-க்கு மேல். இரண்டாவது பிரிவில் 3,754-க்கு 105 பேர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. காரணம், குழந்தை பிறந்த சில நாட்களில் வரும் கடும் காய்ச்சல். நம்மூர்ப் பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று பொதுவாகச் சொல்லிவந்ததில் இதுவும் அடங்கும்.

இந்த வித்தியாசம் டாக்டர்களுக்கு மட்டுமில்லை, ஊருக்கே தெரியும். முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்கள். வரும் வழியிலேயே தெருவில் பெற்றுக்கொண்டு வந்தவர்களுக்குக்கூட இந்தக் காய்ச்சல் குறைவாகத்தான் வந்தது. செம்மல்வைஸின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். நல்ல ஆஸ்பத்திரியில் பெறுவதைவிடத் தெருவில் பெறுவது பாதுகாப்பு என்றால் என்ன அர்த்தம்?

ஒவ்வொன்றாகச் சோதித்தார். கூட்டம் காரணமா? இரண்டாவது பிரிவில்தான் கூட்டம் அதிகம். பாதிரியார் மணி அடித்துக்கொண்டு சாகக் கிடப்பவரிடம் போவதைப் பார்த்து மற்ற பெண்கள் பயந்து காய்ச்சல் வருகிறதா? பாதிரியாரை வேறு வழியாக, மணி இல்லாமல் போகச் சொன்னார். மாற்றமில்லை. பிரசவத்தின்போது படுக்கும் வாக்கை மாற்றிப் பார்த்தார். அதுவும் இல்லை.

நண்பனின் சாவு

1847 மார்ச்சில் அவர் வெனிஸ் போய்த் திரும்பியபோது ஒரு செய்தி காத்திருந்தது. தடயவியல் பேராசிரியரான நண்பர் யாக்கோப் கொல்லெட்ச்கா இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் குத்திவிட்டது. அவ்வளவுதான். அவருடைய உடலைப் பரிசோதித்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ் திகைத்துப்போனார். காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் பார்த்த அதே மாற்றங்கள்.

அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. மாணவர்கள் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வந்து பெண்களின் உள்உறுப்புகளைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறை வேலை கிடையாது. சோப்பு போட்டாலும் விரலில் பிண வாடை போகாது. அந்த வாடைக்குக் காரணமான ஏதோ ஒன்றுதான் நோயைக் கடத்துகிறது என்று அவர் முடிவுகட்டினார். கிருமி என்ற விஷயமே அன்றைக்கு மருத்துவத்தில் நிலைபெறவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தாவல் என்று புரியும்.

1847 மே மாத நடுவில் உத்தரவு போட்டார். பிரசவ அறைக்குள் வருமுன் எல்லோரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும். சீக்கிரமே அதைவிட மலிவான குளோரின் சுண்ணாம்புக்கு மாறினார். நம்மூரில் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர்தான். கை எரியும், தோல் உரியும். மாணவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2-க்குப் பக்கத்தில் வந்தது. ஜூலையில் 1.2. அடுத்த வருடம் மார்ச்சில் ஒரு தாய்கூடச் சாகவில்லை.

இடையில் ஒரு சறுக்கல். அதிகம் பேசப்படாத, ஆனால் இன்றைக்கு நமக்கு ரொம்ப முக்கியமான சறுக்கல். 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயில் புண் அழுகிய ஒரு பெண் வார்டின் முதல் கட்டிலில் சேர்க்கப்பட்டார். டாக்டர்கள் அவரிலிருந்து பரிசோதனையைத் தொடங்கி வரிசையாக மற்ற கட்டில்களுக்குப் போனார்கள். உள்ளே நுழையும்போது குளோரினில் கழுவியாச்சு. நடுவில் வெறும் சோப்பு மட்டும். சேர்ந்து பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிணம் மட்டுமில்லை, உயிரோடு இருப்பவரின் சீழும் கை வழியாகப் போகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணைத் தொட்ட பிறகும் கழுவ வேண்டும் என்று விதியை மாற்றினார்.

எண்கள் இருந்தும் ஏன் ஏற்கவில்லை?

ஏற்றுக்கொண்டால், இத்தனை வருடம் அந்தப் பெண்களைக் கொன்றது தங்கள் கைதான் என்று ஒவ்வொரு டாக்டரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது லேசான காரியமில்லை. ஜெர்மனியின் கீல் நகரத்தில் குஸ்டாவ் மிகாயெலிஸ் என்ற பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். தான் பிரசவம் பார்த்து இறந்துபோன சொந்தக்காரப் பெண்ணின் சாவுக்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வில் 1848-ல் ரயில் முன் விழுந்து உயிரை விட்டார்.

செம்மல்வைஸ் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. கண்டுபிடித்ததை உடனே எழுதி வெளியிடவில்லை. நண்பர்கள்தான் அவருக்காக எழுதினார்கள், பேசினார்கள். கிளைனுக்கு அவரைப் பிடிக்கவில்லை; 1849-ல் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1850-ல் கொடுத்த விரிவுரையாளர் வேலையிலும் பொம்மையை வைத்து மட்டும்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்று நிபந்தனை. நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டுக் கிளம்பினார்.

பெஸ்ட் நகரத்து புனித ரோக்கஸ் மருத்துவமனையில் ஆறு வருடம். அங்கே 933 பிரசவங்களில் காய்ச்சலால் இறந்தவர்கள் 8 பேர் மட்டும். பேராசிரியர் ஆனார், கல்யாணம் செய்தார், பிள்ளைகள் பிறந்தன. 1861-ல், கண்டுபிடித்து 14 வருடம் கழித்து, ஒருவழியாகப் புத்தகம் எழுதினார். படிக்கச் சிரமமான, கோபம் நிறைந்த புத்தகம். அதைக் குறை சொன்ன பெரிய பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். இருந்த ஆதரவும் குறைந்தது.

போகப் போக அவர் நடவடிக்கை மாறியது. 1865 ஜூலை கடைசியில், பழைய நண்பர் ஒருவர் அவரை வியன்னாவுக்கு வரவழைத்து, மனநலக் காப்பகத்தில் விட்டுவிட்டார். தப்பிக்கப் பார்த்தவரைக் காவலாட்கள் அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள். இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, புண் அழுகி ரத்தத்தில் விஷம் ஏறி இறந்தார். வயது 47. அந்தப் புண் இருந்தது கையில்.

அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 12 அன்றுதான் ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோவில் ஒரு சிறுவனின் உடைந்த கால் புண்ணுக்கு முதன்முதலாகக் கார்பாலிக் அமிலத் துணி வைத்துக் கட்டினார். அறுவைச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது அது.

கிளவுஸ் எப்போ வந்தது?

இன்னும் கால் நூற்றாண்டு கழித்து. வந்த காரணமும் வேறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தலைமை நர்ஸுக்குக் கிருமிநாசினி பட்டுப் பட்டுக் கை புண்ணாகிவிட்டது. அவருக்காக வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் குட்இயர் ரப்பர் கம்பெனியில் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். 1890-ல் இருவருக்கும் கல்யாணமே நடந்துவிட்டது. கையுறை போட்டு ஆபரேஷன் செய்தால் நோயாளியின் புண்ணில் சீழ் பிடிப்பதும் குறைகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த வரலாற்றில் ஒரு சங்கதி இருக்கிறது. கிளவுஸ் முதலில் வந்தது போட்டுக்கொள்பவரின் கையைக் காப்பாற்ற. இன்னும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொரோனா நேரத்தில் ஒரே கிளவுஸோடு காலை முதல் ராத்திரி வரை காசு வாங்கி, சரக்கு எடுத்து, போனைத் தடவிய கடைக்காரர்கள் எத்தனை பேர்! அந்தக் கிளவுஸ், வியன்னாவில் முதல் கட்டிலிலிருந்து பன்னிரண்டாம் கட்டில் வரை போன கை மாதிரிதான்.

கிளவுஸ் கை கழுவுவதற்கு மாற்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி, அடுத்தவருக்குப் புதுசு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போது வெளிப்பக்கம் தோலில் படலாம். அதனால் போடும் முன்னும் கழுவணும், கழற்றிய பின்னும் கழுவணும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி.

கிராமத்து மருத்துவச்சிகளுக்கு அரசு பயிற்சி கொடுத்த காலத்தில் சொல்லிக்கொடுத்த ஐந்து சுத்தங்களிலும் கை இருந்தது: சுத்தமான கை, சுத்தமான படுக்கை, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், எதுவும் தடவாத தொப்புள்கொடி. தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் டெட்டனஸை ஒழித்த நாடாக 2015-ல் இந்தியா அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியோடு இந்த ஐந்துக்கும் அதில் பங்கு உண்டு.

செம்மல்வைஸ் பிறந்த தபான் வீடு இப்போது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம். அவருடைய எலும்புகள் அந்த வீட்டு முற்றத்துச் சுவரில்தான் இருக்கின்றன. 1969-லிருந்து புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான்.