யார் இந்த 'யூத காந்தி'? ஹீப்ரு தெரிந்தும் தோரா வாசிக்க அனுமதி இல்லாத கொச்சி வழக்கறிஞர்!

கொச்சி மட்டாஞ்சேரிக்கு டூர் போனவங்க, 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்திருப்பீங்க. அதற்குள் சரிசமமாக உட்காரப் போராடியவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882-ல் பிறந்தவர். பெயரைப் பார்த்து நம்ம சேலத்துக்காரர்னு நினைச்சுடாதீங்க!

கொச்சி யூதர்களுக்கு வீட்டில் மலையாளம், ஜெபத்தில் ஹீப்ரு. அதனால் பிள்ளைகளுக்குச் சின்ன வயசுலயே ஹீப்ரு எழுத்து சொல்லிக் கொடுப்பாங்க. கேரளாவின் பழைய ஜெப ஆலயங்கள் சிலவற்றில் இதற்காகவே மாடியில் வகுப்பறை இருந்தது. புனித நூலான தோராவைச் சபை முன் வாசிக்க அழைக்கப்படுவதுதான் அந்தப் படிப்புக்கே மரியாதை.

ஆனால் சேலம் பிறந்த பிரிவுக்கு அந்த அழைப்பே கிடையாது. ஏன்? அவர்கள் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களாம்! பெஞ்சில் இடமில்லை, முன்கூடத்துத் தரைதான். இறந்தாலும் பரதேசிகளின் கல்லறையில் இடமில்லை. நமக்குப் பழக்கமான கதைதானே?

சேலம் சென்னைக்கு வந்து சட்டம் படித்தார். எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார், கொச்சி சட்டசபை உறுப்பினரானார். 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போனார். காந்தியின் சத்தியாகிரகத்தையே சொந்த ஜெப ஆலயத்தில் கையில் எடுத்து, கொஞ்ச காலம் அதைப் புறக்கணித்தார்.

தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முதலில் பெஞ்ச், பிறகு தோரா வாசிப்பு. ஆனாலும் 1950-ல் அவர் மகன் பால்ஃபர் பரதேசி குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, கல்யாணம் கொச்சியில் நடக்கவில்லை. மும்பையில்தான் நடந்தது.

1967-ல் சேலம் காலமானார். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு சாலைக்கு இப்போது அவர் பெயர்.