கையெழுத்துப் போடத் தெரியாதவரின் மகன்

மேத்ஸ் பேப்பர் என்றாலே நம்மில் பலபேருக்கு வயிற்றைக் கலக்கும். அதிலும் டிஃபரென்சியேஷன் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி, பரீட்சை எழுதி, மறந்துவிடுகிறோம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் சர் ஐசக் நியூட்டன். அவர் எப்படி வளர்ந்தார் என்பதை மாணவ நண்பர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் உல்ஸ்தார்ப் என்ற சின்ன கிராமத்தில், அந்நாளைய ஆங்கிலக் காலண்டர்படி 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார். பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அப்பா இறந்துவிட்டார். அவருக்கு நிலம் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. (எங்கள் வீட்டிலும் அப்பா கைநாட்டுதான், நான்தான் முதலில் படிக்க வந்தவன். அதனால் இந்தச் செய்தி எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.) மூன்று வயதில் அம்மா மறுமணம் செய்து போய்விட, பாட்டிதான் வளர்த்தார்.

கிரந்தம் ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையனை, பண்ணையைப் பார்த்துக்கொள் என்று அம்மா பதினாறு, பதினேழு வயதில் நிறுத்திவிட்டார். ஆடு மேய்க்க விட்டால் அது பாட்டுக்கு எங்கேயோ போகும், இவர் புத்தகமும் கையுமாக இருப்பார். 1659-ல் ஆடு, பன்றி அத்துமீறியதற்கு அபராதம்கூடக் கட்ட வேண்டி வந்தது! கடைசியில் தாய்மாமனும் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டோக்ஸும் பேசித்தான் அம்மா சம்மதித்தார். அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் நியூட்டனே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

1661-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. அம்மாவிடம் வசதி இருந்தும், பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து படிக்கும் பிரிவில்தான் சேர்ந்தார். 1665-ல் பட்டம் வாங்கிய வருஷமே பிளேக் நோய் பரவ, கல்லூரியை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி ஏறக்குறைய இரண்டு வருஷம். நம்மைக் கஷ்டப்படுத்தும் கணக்கு பெரும்பாலும் அந்த லீவில் உருவானதுதான்.

அவர் யோசித்தது இதுதான். மாறிக்கொண்டே இருக்கிற ஒன்று, இந்தக் கணத்தில் என்ன வேகத்தில் மாறுகிறது?

ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம் என்று வையுங்கள். உயரம், தோராயமாக, நேரத்தை 20-ஆல் பெருக்கி, அதிலிருந்து நேரத்தின் வர்க்கத்தைப் போல் 5 மடங்கைக் கழித்தது. 1-வது வினாடியில் 15 மீட்டர். 1.1-ல் 15.95. அந்த இடைவெளியில் சராசரி வேகம் 9.5. இடைவெளியைக் குறைத்து 1.01-ல் பார்த்தால் 15.0995, வேகம் 9.95. இன்னும் குறைக்கக் குறைக்க 10-ஐ நெருங்கும். அந்த 10-தான் முதல் வகைக்கெழு.

வேகமும் மாறுகிறதே! ஆரம்பத்தில் 20, பிறகு 10, இரண்டாவது வினாடியில் பூஜ்யம். வினாடிக்கு 10 குறைகிறது. இந்த மைனஸ் 10-தான் இரண்டாம் வகைக்கெழு, அதாவது முடுக்கம். உச்சியில் பந்து நிற்கும்போது முடுக்கமும் பூஜ்யம் என்று பலபேர் எழுதிவிடுகிறார்கள். கிடையாது. வேகம்தான் பூஜ்யம், முடுக்கம் அப்போதும் மைனஸ் 10. முதலாவது பூஜ்யமாகி இரண்டாவது மைனஸாக இருப்பதால்தான் அது பெருமம், 20 மீட்டர். பிளஸாக இருந்தால் சிறுமம்.

1669-ல், 26 வயதில், கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1687-ல் வந்த பிரின்சிபியா நூலில் விசைக்கும் இயக்க மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார். ஆனால் வகைக்கெழு முறையை மட்டும் அச்சில் போடாமல் வைத்திருந்தார். ஜெர்மனியில் லைப்னிட்ஸ் தானாகவே அதைக் கண்டுபிடித்து 1684-ல் வெளியிட்டுவிட்டார். யார் முதல் என்று பெரிய சண்டை. 1712-ல் ராயல் சொசைட்டி விசாரணைக் குழு போட்டது. சொசைட்டியின் தலைவரே நியூட்டன், அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியதும் அவரே! எவ்வளவு பெரிய மேதையானாலும் இது நியாயமில்லை.

1727-ல், 84-வது வயதில் காலமானார். 1671 வாக்கில் எழுதிய வகைக்கெழு நூல் 1736-ல்தான் அச்சானது. நாம் நோட்டில் எழுதும் டி ஒய் பை டி எக்ஸ், லைப்னிட்ஸ் கொடுத்த குறியீடு. நியூட்டனுடையது எழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளி. மெக்கானிக்ஸ் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது: தூரத்தைக் குறிக்கும் எழுத்தின் மேல் ஒரு புள்ளி என்றால் வேகம், இரண்டு புள்ளி என்றால் முடுக்கம்.