பென்சிலினைக் கண்டுபிடித்தவரே விடுத்த எச்சரிக்கை: யார் இந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்?

ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கிருமிகள் அடங்க மறுப்பது புதுப் பிரச்னை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-லேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டார்.

1881-ல் ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஃப்ளெமிங். பதின்வயதில் லண்டனுக்கு வந்து, கப்பல் நிறுவனம் ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்தார். உறவினரின் சொத்தில் பங்கு கிடைத்ததும் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் பணியாற்றினார். குண்டடியில் தப்பிய வீரர்கள்கூட காயம் சீழ் பிடித்துச் செத்துப்போவதை அங்கே பார்த்தார்.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து ஆய்வகம் திரும்பியபோது, பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் பாக்டீரியாவைக் காணோம்! பூஞ்சையிலிருந்து கசிந்த அந்தப் பொருளுக்கு பென்சிலின் என்று பெயர் வைத்தார். ஆனால், அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஃப்ளோரி, செயின் குழு. மூவருக்கும் 1945-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எச்சரிக்கை என்ன?

கிருமியைக் கொல்லப் போதாத அளவில் பென்சிலின் கொடுத்தால், அது மருந்தைத் தாங்கப் பழகிவிடும். ஆய்வகத்தில் இதைச் செய்வது சுலபம், உடம்புக்குள்ளும் இதே நடக்கலாம் என்று நோபல் உரையில் விளக்கினார் ஃப்ளெமிங். அதற்கு ஒரு கற்பனைக் கதையும் சொன்னார். தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கி, குறைவாக எடுத்துக்கொள்கிறார் ஒருவர். தப்பிப் பிழைத்த கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி, நிமோனியாவாக மாறுகிறது. இம்முறை பென்சிலின் கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறார்.

எப்படி நடக்கிறது?

கோடிக்கணக்கான கிருமிகளில் ஒருசில மட்டும் மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும். மற்றவை சாக, இவை பெருகும். சில பாக்டீரியாக்கள் பென்சிலினையே உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வரும் முன்பே, 1940-ல், ஆபிரகாமும் செயினும் இதைக் கண்டறிந்திருந்தார்கள்.

எச்சரிக்கை பலிக்க அதிக நாள் ஆகவில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் செய்த ஆய்வில், 1948-க்குள் நோயாளிகளிடம் எடுத்த ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரிகளில் பாதிக்கும் மேல் பென்சிலினுக்கு அடங்காதவையாக இருந்தன. அப்போது ஃப்ளெமிங் உயிரோடுதான் இருந்தார்.

1955 மார்ச் 11 அன்று மாரடைப்பில் இறந்த அவர், லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது, அவர் கதையில் வரும் கணவர் செய்த அதே வேலைதான்.